டிக்கியில் இருப்பது டாஷ்போர்டில் கேட்க வேண்டும்

கார் ஆடியோ வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும், கடைக்கு விடாமல் தானே சப்ஊஃபர் வைத்துப் பார்க்கத் துணிந்தவர்களுக்கும் சில வார்த்தைகள்.

சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில், எங்கள் வாயில் ஜி.பி. ரோட்டில், எந்தக் கடை வாசலில் நின்றாலும் இரண்டு வகை வண்டிகள் வரும். "அண்ணே, டிக்கி அதிரணும்" என்று வருவது ஒரு வகை. "அதிருதுண்ணே, ஆனா பாட்டு கேக்க முடியல, தலை வலிக்குது" என்று வருவது இன்னொரு வகை. பெரும்பாலும் முதல் வகைதான் ஆறு மாதம் கழித்து இரண்டாம் வகையாகத் திரும்பி வரும்.

நல்ல பேஸுக்கு நான் பார்க்கும் அடையாளம் ஒன்றுதான். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தவருக்கு ஊஃபர் எங்கே இருக்கிறது என்று தெரியக் கூடாது. டிரம்ஸ், பேஸ் கிடார், மிருதங்கம் எல்லாம் கண்ணாடிக்குக் கீழே, டாஷ்போர்டு மேலிருந்து வருவதாகத் தோன்ற வேண்டும். சப்பை அணைத்தால் மட்டும் "எங்கேப்பா போச்சு?" என்று கேட்க வேண்டும். இதற்குப் பெரிய பெட்டியும் பெரிய வாட்டும் தேவையில்லை. முன்கதவு ஸ்பீக்கரும் டிக்கி ஊஃபரும் கைகோக்கிற இடத்தைச் சரிசெய்யத் தெரிந்தால் போதும். கீழே சொல்லப்போவது முக்கால்வாசி அதைப் பற்றித்தான்.

1. எது பேஸ், எது குமுறல் என்று முதலில் காதுக்குப் பழக்கு.

நான்கு தந்தி பேஸ் கிடாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். ஐந்து தந்தி கிடாரில் அது 31 வரை இறங்கும். டிரம்ஸில் காலால் மிதிக்கிற கிக், பொதுவாக 50-லிருந்து 100-க்குள். ஆண் குரலின் அடிநாதம் ஏறக்குறைய 85-க்கு மேலேதான் தொடங்குகிறது. ஆக, சப்புக்கென்று இருக்கும் நிலம் ஏறத்தாழ 30-லிருந்து 80 ஹெர்ட்ஸ் வரைதான், ஒன்றரை ஸ்தாயிக்குக் கொஞ்சம் குறைவு. அதற்கு மேல் அது வாயைத் திறந்தால் பாடகர் டிக்கிக்குள் உட்கார்ந்து பாடுவார்.

சோதிக்க நான் போடுவது எண்பதுகளின் இளையராஜா பாடல்கள். வெடிச்சத்தம் வேண்டி அல்ல. அந்தப் பாடல்களில் பேஸ் கிடார் ஒரே இடத்தில் நிற்காது. ராகத்தோடு தானும் ஒரு பாட்டு பாடிக்கொண்டு ஏறி இறங்கும். ஒவ்வொரு சுரமும் ஒரே கனத்தில் காதில் விழுகிறதா என்று கவனி. ஒரு சுரம் 'டம்' என்று எகிறி, அடுத்தது காணாமல் போய், மூன்றாவது மறுபடி எகிறினால், உன் வண்டியில் இருப்பது பேஸ் அல்ல, ஒற்றை அதிர்வெண்ணில் குமுறும் ஒரு பெட்டி. குத்துப்பாட்டில் இந்தக் குறை மறைந்துவிடும், ஏனென்றால் அங்கே பேஸும் ஒரே சுரத்தில்தான் இடிக்கும். அதனால்தான் கடைகளில் டெமோவுக்கு அதையே போடுகிறார்கள்!

கச்சேரி ரெக்கார்டிங் இருந்தால் மிருதங்கத்தைக் கேள். தொப்பியில் உள்ளங்கை அழுந்தி வரும் கும்கி, வழுக்கிக்கொண்டே ஏறுகிற ஒலி. சரியாக அமைந்த வண்டியில் அந்த வழுக்கல் உடையாமல் வரும். அமையாத வண்டியில் பாதி பின்னாலும் பாதி முன்னாலும் கிழிந்து கேட்கும்.

2. சப் வாங்கும் முன் கதவைக் கழற்று.

இதைச் சொன்னால் வாடிக்கையாளர்கள் முகம் சுளிப்பார்கள். காசு கதவுக்குள் போய் மறைந்துவிடுகிறது, நண்பனுக்குக் காட்ட ஒன்றும் இல்லை. ஆனாலும் இதுதான் அஸ்திவாரம். டிக்கி ஊஃபர் 80 ஹெர்ட்ஸில் நிறுத்திக்கொள்ள வேண்டுமானால், கதவு ஸ்பீக்கர் 80-லிருந்து தெம்பாகப் பாட வேண்டும். கம்பெனிக் கதவில் அது நடப்பதில்லை.

டோர் பேடைக் கழற்றிப் பார். உள்தகட்டில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டைகள், மேலே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள். ஸ்பீக்கரின் கோன் முன்னே தள்ளும்போது பின்பக்கம் காற்று இழுபடும். முன்பக்க அலையும் பின்பக்க அலையும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். ஓட்டை வழியாக இரண்டும் சந்தித்தால் கீழ் ஸ்தாயி ஒன்றையொன்று தின்றுவிடும். நாம் என்ன செய்கிறோம்? கதவில் பேஸ் இல்லை என்று சப்பின் கிராஸ்ஓவரை, அதாவது அது நிறுத்திக்கொள்ளும் இடத்தை, 120, 150 என்று ஏற்றுகிறோம். குரல் பின்னால் போகிறது. அப்புறம் ஊஃபரைக் குறை சொல்கிறோம்.

வெளித்தகட்டின் உள்பக்கத்தைத் துணியும் தின்னரும் கொண்டு சுத்தமாகத் துடை. ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் தொடங்கி பியூட்டைல் டேம்பிங் ஷீட்டை ஒட்டி, ரோலரால் அழுத்து. அலுமினியத் தாளின் மேலிருக்கும் புடைப்பு மறையும் வரை அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் சென்னை வெயிலில் கழன்று விழும். தகடு முழுவதையும் மூடத் தேவையில்லை. பாதிப் பரப்புக்கு ஒட்டினாலே பெரும்பகுதி அதிர்வு அடங்கும். அடுத்து உள்தகட்டின் பெரிய ஓட்டைகளை அடை. கதவின் அடியில் இருக்கும் மழைநீர் வடிகிற துளைகளை மட்டும் தொடாதே. அவற்றை அடைத்தால் அடுத்த ஐப்பசியில் கதவு துருப்பிடிக்கும். கண்ணாடி இறங்கும் பாதையிலும் கை வைக்காதே. ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொள்.

ஸ்பீக்கரை நேராகத் தகட்டில் திருகாமல், எம்.டி.எஃப் அல்லது கெட்டியான பிளாஸ்டிக் வளையம் வைத்துத் திருகு. எம்.டி.எஃப் என்றால் வார்னிஷோ பெயின்டோ அடித்துவிடு. ஈரம் பட்டால் ஊதிவிடும்.

முடிந்ததும் விரல் முட்டியால் கதவைத் தட்டு. முன்பு 'டங்' என்றது இப்போது 'தொப்' என்று சொல்ல வேண்டும். சப்பே இல்லாமல் ஒரு பாட்டைப் போட்டுக் கேள். "இதுவே போதும்போல இருக்கே" என்று பாதிப் பேர் சொல்வார்கள். சிலருக்கு உண்மையிலேயே அதுவே போதும். அவர்களுக்கு ஊஃபர் விற்காதே.

3. பெட்டியை அறிந்து தேர்ந்தெடு.

சந்தையில் பெரும்பாலும் இரண்டு வகை: மூடிய பெட்டி, ஓட்டைப் பெட்டி. ஓட்டைப் பெட்டியில் போர்ட் என்று ஒரு குழாயோ பிளவோ இருக்கும். ஒரே வாட்டில் அது சத்தம் அதிகம் தரும், இடமும் அதிகம் பிடிக்கும். 12 இஞ்ச் ஊஃபருக்கு மூடிய பெட்டி ஒரு கன அடி, அதாவது 28 லிட்டர் அளவில் பெரும்பாலும் பொருந்தும். ஓட்டைப் பெட்டிக்கு அதைப்போல் ஒன்றே முக்கால், இரண்டு மடங்கு வேண்டும். சரியான அளவை ஊஃபருடன் வரும் தாளில் பார். அந்தத் தாளில் இருக்கும் எஃப்.எஸ்., க்யூ.டி.எஸ்., வி.ஏ.எஸ். என்ற மூன்று எண்களுக்கு தீல்–ஸ்மால் அளவுகள் என்று பெயர். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-ல் போட்ட கணக்கை, எழுபதுகளில் ரிச்சர்ட் ஸ்மால் விரித்து எழுதினார். உலகத்தில் கணக்குப் போட்டுப் பெட்டி செய்கிறவர்கள் இன்றைக்கும் அந்தக் கணக்கில்தான் செய்கிறார்கள். கண்ணளவில் பெட்டி அடிக்கிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர் உண்டு. நீ அவர்களோடு சேராதே.

தொடங்குகிறவனுக்கு நான் சொல்வது மூடிய பெட்டி. காரணம் காருக்குள்ளேயே இருக்கிறது. ஒலி நொடிக்கு 343 மீட்டர் ஓடுகிறது. காரின் உள்நீளம் சுமார் 2.7 மீட்டர் என்று வை. அரை அலை அந்த நீளத்துக்குப் பொருந்துவது 63 ஹெர்ட்ஸ் பக்கம். அதற்குக் கீழே அலை ஓடுவதற்கு இடம் இல்லை. ஊஃபர் மொத்தக் காரின் காற்றையும் அமுக்கி விடுகிறது. இதனால் அதிர்வெண் இறங்க இறங்க கார் தானாகவே பேஸைத் தூக்கிக் கொடுக்கும். கணக்குப்படி ஒரு ஸ்தாயிக்கு 12 டெசிபெல். மூடிய பெட்டியோ கீழே போகப் போக ஸ்தாயிக்கு 12 டெசிபெல் இறங்கும். இந்த இறக்கமும் அந்த ஏற்றமும் ஒன்றையொன்று சமன் செய்துவிடுகின்றன. கண்ணாடியும் தகடும் கொஞ்சம் ஒலியை வெளியே விடுவதால் கணக்கு நூற்றுக்கு நூறு வராது. ஆனால் வீட்டில் பெரிய பெட்டி வைத்தும் கிடைக்காத ஆழம் ஒரு ஸ்விஃப்டின் டிக்கியில் சின்னப் பெட்டியில் கிடைப்பது இப்படித்தான்.

ஓட்டைப் பெட்டி தன் ட்யூனிங் அதிர்வெண்ணுக்குக் கீழே ஸ்தாயிக்கு 24 டெசிபெல் இறங்கும். அந்த எல்லைக்குக் கீழே கோனைப் பிடித்து நிறுத்த உள்ளே காற்றழுத்தம் இருக்காது. கோன் தாறுமாறாக ஆடும். ஆம்பில் மிகக் கீழ் அதிர்வெண்களை வெட்டும் சப்சோனிக் ஃபில்டர் இல்லாமல் ஓட்டைப் பெட்டி வைத்தால் ஊஃபரின் ஆயுள் அந்த வண்டிக்காரனின் கையில்.

பலகை 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். மூலைகளில் ஃபெவிகால், திருகாணி, பிறகு உள்ளே சிலிக்கான். சிலிக்கானில் வினிகர் வாசனை வருகிற வகை காய்வதற்குள் ஊஃபரை மாட்டினால் அந்த ஆவி கோனைச் சுற்றியிருக்கும் ஃபோமைக் கெடுக்கும். முழு நாள் காயவிடு. பிறகு கோனை விரல்களால் பரவலாக மெல்ல அழுத்தி விடு. மெதுவாகத் திரும்பி வந்தால் பெட்டி இறுக்கம். பட்டென்று எழுந்தால் எங்கோ காற்று போகிறது.

4. சீட்டடி சப்பை ஏளனமாகப் பார்க்காதே.

8 இஞ்ச், உள்ளேயே ஆம்ப், முன்சீட்டுக்கு அடியில் போய்விடும். 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதனிடம் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. ஆனால் கதவு ஸ்பீக்கர் இருக்கிற தூரத்திலேயே அதுவும் இருப்பதால் இரண்டும் சுலபமாக இணையும். டிக்கியில் குழந்தை வண்டியும் அரிசி மூட்டையும் ஏற்றுகிற குடும்பத்துக்கு அதுவே நல்லது.

5. மின்சார வேலையில் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஸ்டிக்கரில் '1200 வாட்ஸ் மேக்ஸ்' என்றிருக்கும். அதைப் படிக்காதே. ஆர்.எம்.எஸ். என்று சின்ன எழுத்தில் இருப்பதைப் படி. 300 வாட் ஆர்.எம்.எஸ். கிளாஸ்-டி ஆம்ப் முழு வேகத்தில் 27 ஆம்பியர் பக்கம் இழுக்கும். அதற்குத் தகுந்த செப்பு ஒயர் போடு. செம்பு பூசிய அலுமினிய ஒயர் மலிவு; அதையே போடுவதானால் ஒரு சைஸ் தடிமனாகப் போடு. பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். ஃபியூஸ் ஆம்பைக் காப்பாற்ற அல்ல, ஒயர் தகட்டில் உரசித் தீப்பிடிக்காமல் இருக்க. எர்த் ஒயர் அரை மீட்டருக்கு மேல் வேண்டாம். பெயின்டைச் சுரண்டி வெறும் தகட்டில் முறுக்கு. பவர் ஒயர் வண்டியின் ஒரு பக்கம், ஆர்.சி.ஏ. ஒயர் மறுபக்கம். இல்லாவிட்டால் ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போதெல்லாம் ஸ்பீக்கரில் 'ஊய்' என்று ஒரு விசில் சேர்ந்து பாடும். கம்பெனி ஒயரை வெட்டாதே. கப்ளர் கிடைக்கிறது, வாங்கிப் போடு. வாரண்டித் தகராறு மிச்சம்.

இப்போதைய பல வண்டிகளில் கம்பெனித் திரையைக் கழற்ற முடிவதில்லை. ஸ்பீக்கர் ஒயரிலிருந்தே சிக்னல் எடுக்கிறோம். சில கம்பெனி செட்டுகள் வால்யூம் ஏற ஏற பேஸைத் தாமே குறைத்துக்கொள்ளும், சின்ன ஸ்பீக்கர் கிழியாமலிருக்க. வாடிக்கையாளர் "சத்தம் வெச்சா பேஸ் போயிடுது" என்றால் உன் ஆம்பைக் குடையாமல் அங்கே பார். அந்த வண்டிக்கு டி.எஸ்.பி. (ஒலியை டிஜிட்டலாகத் திருத்தும் சிப்) வைத்த ஆம்ப்தான் மருந்து.

6. கெய்ன் என்பது வால்யூம் அல்ல.

செட்டிலிருந்து வரும் சிக்னலுக்கும் ஆம்புக்கும் பொருத்தம் பார்க்கிற திருகுதான் கெய்ன். அதை வலது கோடி வரை முறுக்கினால் சுத்தமான வாட் கூடாது, அலையின் தலை வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலைதான் காயிலைக் கருக்கும், 'பர்ர்' என்று கேட்கும்.

மல்டிமீட்டர் போதும். ஊஃபர் ஒயரைக் கழற்றிவிடு. ஈக்யூ, பேஸ் பூஸ்ட், லவுட்னஸ் எல்லாம் பூஜ்யம். ஆம்பின் லோ-பாஸை (மேல் அதிர்வெண்களை வெட்டும் ஃபில்டர்) மேலே திறந்து வை. 50 ஹெர்ட்ஸ், 0 டெசிபெல் டோனைப் போட்டு, செட்டின் வால்யூமை முக்கால் பங்குக்கு ஏற்று. மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து ஆம்பின் வெளிவழியில் பிடி. வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வருவது உன் இலக்கு வோல்ட். 300 வாட், 4 ஓம் என்றால் 34.6. அதே 300 வாட் 2 ஓமில் என்றால் 24.5. கெய்னை அங்கே நிறுத்து. வீட்டுக் கரண்டும் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சாதாரண மீட்டரே இந்த டோனைச் சரியாகக் காட்டும்.

பேஸ் பூஸ்ட் திருகு, ஆம்பில் பெரும்பாலும் 45 ஹெர்ட்ஸில் இருப்பது, அதைப் பூஜ்யத்திலேயே விட்டுவிடு. 6 டெசிபெல் தூக்கினால் அந்த இடத்தில் நான்கு மடங்கு வாட் கேட்கும். உன்னிடம் அது இல்லை.

7. கிராஸ்ஓவர்: இரண்டு பக்கமும் வேலி போடு, ஒரு தடவை மட்டும் போடு.

புதியவர்கள் ஊஃபருக்கு லோ-பாஸ் வைப்பார்கள், கதவுக்கு ஹை-பாஸ் (கீழ் அதிர்வெண்களை வெட்டுவது) வைக்க மறப்பார்கள். அப்போது 50 ஹெர்ட்ஸை டிக்கியும் பாடுகிறது, கதவும் திணறிக்கொண்டு பாடுகிறது. கதவின் திணறல்தான் 'குழப்பமாக இருக்கு' என்று காதுக்குத் தெரிவது. கதவுக்கு 80-ல் ஹை-பாஸ் வைத்துப் பார்; அதே ஸ்பீக்கர் திடீரென்று பெரிய ஸ்பீக்கராகிவிடும். குரல் தெளியும், இன்னும் சத்தமாகவும் பாடும்.

இரண்டு பக்கமும் 80 ஹெர்ட்ஸ், 24 டெசிபெல் சரிவு, லிங்க்விட்ஸ்–ரைலி வகை. இது தொடங்கும் இடம். சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸும் ரஸ் ரைலியும் எழுபதுகளில் கண்ட இந்த வடிவத்தில், கூடுமிடத்தில் ஒவ்வொரு பக்கமும் 6 டெசிபெல் இறங்கி நிற்கும். ஒரே ஃபேஸில் சேரும்போது மேடு பள்ளமில்லாமல் கூடும். கதவில் நல்ல வேலை செய்திருந்தால் 70, 60 என்று இறக்கிப் பார். இறங்க இறங்க பேஸ் முன்னால் வரும். கதவு திணறத் தொடங்கியதும் நிறுத்து. 100-க்கு மேலே போகும் வண்டியில் மறுபடி இரண்டாம் அறிவுரைக்குப் போ.

செட்டிலும் லோ-பாஸ், ஆம்பிலும் லோ-பாஸ் என்று இரட்டை வேலி வேண்டாம். சரிவு இரட்டிப்பாகி, ஃபேஸும் திருகிக்கொள்ளும். ஒன்றில் வை, இன்னொன்றைத் திறந்துவிடு.

8. ஃபேஸ்: இதற்கு இரண்டு பேர் வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்தும் பேஸ் சப்பையாக இருக்கிறது, கிக் டிரம் மார்பில் தட்டவில்லை என்றால் இங்கேதான் கோளாறு. டிக்கி ஊஃபர் முன்னே தள்ளும் நேரத்தில் கதவு பின்னே இழுத்தால், 80 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் ஒரு பள்ளம் விழும்.

கண்ணாடிகளை ஏற்று, கதவுகளைச் சாத்து. நீ டிரைவர் சீட்டில் நேராக உட்கார். தலை எப்போதும் இருக்கிற இடத்தில் இருக்கட்டும். முன்னால் சாய்ந்து கேட்டால் கணக்கு மாறிவிடும். 80 ஹெர்ட்ஸ் டோனை மிதமான சத்தத்தில் ஓடவிடு. சிநேகிதன் செட்டில் ஃபேஸை 0, 180 என்று மாற்றட்டும். எது எதுவென்று உனக்குச் சொல்லக் கூடாது. சத்தம் கூடுகிற நிலைதான் சரி. செட்டில் அந்த வசதி இல்லாவிட்டால் ஆம்பை அணைத்துவிட்டு ஊஃபரின் ப்ளஸ், மைனஸை மாற்றிப் போட்டுக் கேள். சில வண்டிகளில் வித்தியாசம் அறைந்த மாதிரி தெரியும். சிலவற்றில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும்.

ஒன்றுபோல இருந்தால் காரணம் தூரம். ஒலி 34 சென்டிமீட்டர் போக ஒரு மில்லிசெகண்ட். டிக்கி ஊஃபர் உன் காதுக்கு 2 மீட்டர், வலதுகதவு 1 மீட்டர் என்றால் ஊஃபர் ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் தாமதம். 80 ஹெர்ட்ஸில் அது கிட்டத்தட்டக் கால் சுற்று. 0-வும் 180-ம் சம தூரத்தில் நிற்கின்றன, இரண்டுமே அரைகுறை. இங்கே டைம் அலைன்மென்ட் வேண்டும். டேப் எடுத்து ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் தலைசாய்ப்பு வரை அள. தூரத்தில் இருப்பதற்குத் தாமதம் 0. கிட்டே இருப்பவற்றை அதற்காகக் காக்க வை. டேப் காட்டிய எண் தொடக்கம்தான், ஏனென்றால் ஃபில்டரும் ஊஃபரும் தம் பங்குக்குக் கொஞ்சம் தாமதம் சேர்க்கும். கிக் டிரம் தெளிவாக இருக்கும் ஒரு பாட்டைப் போட்டு, சப்பின் தாமதத்தை அப்படியே விட்டு, மற்ற ஸ்பீக்கர்களை எல்லாம் சேர்த்து அரை அரை மில்லிசெகண்டாக நகர்த்திக் கேள். ஒரு கட்டத்தில் கிக்கின் 'டப்'பும் அதன் அடியில் வரும் 'தும்'மும் ஒன்றாகி, அடி டாஷ்போர்டுக்கு வந்துவிடும். வந்ததை நீ தேட வேண்டியிருக்காது.

ஒன்று நினைவில் வை. இந்தத் தாமதக் கணக்கு டிரைவர் சீட்டுக்கானது. பக்கத்து சீட்டில் கொஞ்சம் கெடும். வண்டி யாருடையது, யார் எங்கே உட்கார்வார்கள் என்று கேட்டுவிட்டுச் செய்.

9. சப்பின் அளவை வண்டி ஓடும்போது முடிவு செய்.

கடையில் நிற்கும் வண்டியில் சரியாக இருக்கும் பேஸ், ஜி.எஸ்.டி. ரோட்டில் எண்பதில் போகும்போது காணாமல் போகும். டயர் சத்தமும் காற்றும் முதலில் மூடுவது கீழ் ஸ்தாயியைத்தான். நிற்கும்போது ஒரு பிடி அதிகமாகத் தோன்றுவதே ஓடும்போது சரியாக இருக்கும். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வா. குறைந்த சத்தத்தில் காது பேஸைக் குறைவாகவே கேட்கும் என்று ஃப்ளெட்ச்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். எனவே வாடிக்கையாளர் வழக்கமாகக் கேட்கும் சத்தத்தில் வைத்தே அளவைப் பார். பாட்டுக்குப் பாட்டு பேஸ் மாறும். கைக்கெட்டும் இடத்தில் ஒரு சப் லெவல் நாப் வைத்துக் கொடுத்தால் உனக்கு நூறு போன் குறையும்.

10. ஈக்யூவில் வெட்டு, தூக்காதே.

மேடு இருந்தால் வெட்டலாம். பள்ளம் பெரும்பாலும் அலைகள் ஒன்றையொன்று அழித்ததால் வந்தது. அங்கே எவ்வளவு வாட் ஊற்றினாலும் அதுவும் அழிந்துபோகும். பெட்டியைத் திருப்பிப் பார், பின்பக்கக் கதவைப் பார்த்து ஒரு முறை, மேலே பார்த்து ஒரு முறை. ஓரடி நகர்த்திப் பார். ஹாட்ச்பேக்கில் ஊஃபர் பின்கதவைப் பார்த்து இருப்பது பல வண்டிகளில் நன்றாக வரும். செடானில் டிக்கிக்கும் உள்ளுக்கும் நடுவே தகடு இருப்பதால் பார்சல் ட்ரேயின் திறப்புகள் அடைபடாமல் பார்த்துக்கொள். அளக்க ஆசை இருந்தால் அளவீட்டு மைக் ஒன்று வாங்கு. ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருள் இலவசம். தலை இருக்கும் இடத்தில் மட்டும் வைக்காமல் சுற்றி ஐந்தாறு இடத்தில் எடுத்துச் சராசரி பார். கோடு நேராக வர வேண்டும் என்று அடம்பிடிக்காதே. காருக்குள் 60-க்குக் கீழே கொஞ்சம் மேடாக இருந்தால்தான் காதுக்கு இயல்பு.

11. கடகடப்பைத் தேடி ஒழி.

20-லிருந்து 100 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் டோனைப் போட்டு வண்டியைச் சுற்றி நட. நம்பர் பிளேட், ஸ்டெப்னி அடியில் ஜாக்கி, பார்சல் ட்ரே, பின்சீட் பெல்ட் பக்கிள், கூரையில் விளக்கு, கிளவ் பாக்ஸுக்குள் ஒரு மூக்குக்கண்ணாடி டப்பா. நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ஃபோம் டேப் ஒட்டினாலே பாதி தீரும். பேஸ் பின்னால் கேட்கிறது என்று புகார் வருவதில் பல நேரம் குற்றவாளி ஊஃபர் அல்ல. 60 ஹெர்ட்ஸ் எங்கிருந்து வருகிறது என்று காதால் சுலபத்தில் சொல்ல முடியாது, ஆனால் அதற்குத் தாளம் போடும் பிளாஸ்டிக் எங்கே இருக்கிறது என்று காது துல்லியமாகச் சொல்லிவிடும்.

12. வாட்ஸ்அப்பில் வந்த பாட்டை வைத்து ட்யூன் செய்யாதே.

'பேஸ் பூஸ்டட்' என்று பெயரிட்டு வருபவை ஏற்கெனவே தலைவெட்டுப்பட்டவை. நல்ல பிரதியை பென்டிரைவில் வைத்துக்கொள்.

13. வாடிக்கையாளரிடம் பேசும் விதம்.

"டிக்கி அதிரணும்" என்று வருபவரிடம் பாடம் நடத்தாதே. உன் வண்டியிலோ சிநேகிதன் வண்டியிலோ உட்கார வைத்து, அவர் வழக்கமாகக் கேட்கும் பாட்டைப் போடு. பாதியில் சப்பை அணை, பத்து நொடி கழித்து மறுபடி போடு. அதைக் கேட்ட பிறகும் அதிர்வே வேண்டும் என்பவருக்குச் செய்து கொடு, அவர் காசு, அவர் ஆசை. குடியிருப்புப் பகுதியில் இரவு பத்துக்கு மேல் 45 டெசிபெல்தான் வரம்பு என்பதை மட்டும் சொல்லி அனுப்பு. போலீஸ் அவர் வண்டியை நிறுத்தும்போது அவர் உன் கடைப் பெயரைத்தான் சொல்வார்.

பெட்டியைத் தரையில் பிராக்கெட் போட்டுப் போல்ட்டால் கட்டு. திடீர் பிரேக்கில் இருபது கிலோ பெட்டி பின்சீட்டை முட்டிக்கொண்டு வரும். அங்கே குழந்தை உட்கார்ந்திருக்கும். வெறும் வெல்க்ரோவை நம்பாதே.

இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு முறை வரச் சொல். ஊஃபரின் திருகுகள் கொஞ்சம் தளர்ந்திருக்கும், குறுக்கு வரிசையில் இறுக்கு. புது ஊஃபரின் சஸ்பென்ஷன் ஓடி ஓடி இளகியிருக்கும், கீழ் ஸ்தாயி சற்று மாறியிருக்கும். சப் லெவலை ஒரு முறை சரிபார். எர்த் போல்ட்டைத் தொட்டுப் பார், சூடாக இருந்தால் கழற்றி மறுபடி சுரண்டி மாட்டு. அதற்குத் தனியாகக் காசு வாங்காதே.